படையல் சோற்றுப் பரீட்சை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. என் சொந்த அம்மாவை வேவு பார்க்கிற உத்தியோகம். நியமித்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவளுக்குப் பக்கத்து வீடு, ஆனால் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அப்பா வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு நாள் வேலை நேரத்தில் மயங்கி விழுந்தாள். நல்லவேளையாகத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது விழுந்தாள். வெடிமருந்துத் தட்டோடு ரூமுக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். இல்லாத ரத்தத்தை எப்படி எடுத்தார்கள் என்று நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். போர்மேன் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர்.

"ரத்தம் ஏறட்டும்மா, பெறகு வாங்க. ஒங்களுக்காகச் சொல்லல, ரூம்ல இருக்க மத்த நாலு பேருக்காகச் சொல்றேன்" என்று அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரத்தம் ஏறாவிட்டால் அம்மாவுக்குக் கம்பெனி கிடையாது. கம்பெனியை விட்டால் அம்மாவுக்கு வேறு வேலையும் தெரியாது.

அப்போதுதான் கூட வேலை பார்த்த ஒரு பெண் வந்து சொன்னாள். பக்கத்து ஊர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நர்ஸம்மா கூட்டம் நடத்துகிறாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். பெண்களுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, சத்துமாவும் தருகிறாராம். காசு கிடையாதாம். காசு கிடையாது என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேதக்காரக சும்மா குடுப்பாகளா?"

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்போம். அத்தையிடம் மேற்கொண்டு விவரங்கள் இருந்தன. முதலில் மாவு கொடுப்பார்களாம். அப்புறம் புத்தகம். அப்புறம் பொட்டை அழிப்பார்கள், கடைசியில் பேரை மாற்றுவார்கள். அம்மாவின் பேர் மாறிவிடும் என்று கேட்டதும் அந்தப் பேரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பேர் மாறினாலும் நான் அம்மா என்றுதானே கூப்பிடப்போகிறேன் என்பது எனக்குத் தோன்றவில்லை. துணைக்குப் போகிற மாதிரி போய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருவதாக அத்தைக்கு வாக்குக் கொடுத்தேன்.

நர்ஸம்மாவைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தடித்த கண்ணாடி, அதட்டுகிற குரல். ஆள் பிடிக்க வந்தவர் இனிக்க இனிக்க அல்லவா பேச வேண்டும்? இவர் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்து, அதில் சோற்றைக் குவித்து, வந்திருந்த பெண்களை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒங்க தட்டு எனக்குத் தெரியும். இம்புட்டுச் சோறு, அது மேல கொஞ்சம் ரசம், தொட்டுக்க ஊறுகா. அதுவும் எல்லாரும் தின்னு முடிச்ச பெறகு. சரிதான?"

அவர் பாதிச் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீரையும் காயும் வைத்தார். மிச்சத்தில் ஒரு பக்கம் பாசிப்பயறு, அவித்த முட்டை, ஒரு துண்டுக் கருவாடு. சோற்றுக்குப் பதில் கம்பங்களியும் வைக்கலாம் என்றார். பிறகு அவர்களுடைய வேதத்திலிருந்து ஒரு கதை சொன்னார். ஓடி ஓடிக் களைத்துப்போன ஒரு தீர்க்கதரிசி, செத்தால் போதும் என்று ஒரு செடி நிழலில் படுத்துவிட்டாராம். கடவுள் அனுப்பிய தூதன் அவருக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லையாம். எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னானாம். சாப்பிட்டுத் தூங்கியவரை மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தானாம்.

"இந்த ஒடம்பு கடவுள் குடியிருக்கக் கெட்டுன வீடு. அதப் பட்டினி போடுறது புண்ணியம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று முடித்தார்.

நான் ஒரு சொல் விடாமல் அத்தையிடம் ஒப்பித்தேன். குடியிருக்கிறது எந்தக் கடவுள் என்று கேட்டாயா என்றாள் அத்தை. நான் கேட்கவில்லை. நல்ல வேவுக்காரி கேட்டிருப்பாள் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் தடயங்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் பெரியது முட்டை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அவித்த முட்டை கொடுப்பார்கள். அம்மா அதை எனக்காக முந்தானையில் முடியப் போனாள். நர்ஸம்மா பார்த்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே தன் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் எதற்கு அப்படி நின்று பார்க்க வேண்டும்? போதாததற்குச் சாப்பிடுமுன் நர்ஸம்மா கண்ணை மூடி நன்றி சொன்னார். இஷ்டமில்லாதவர்கள் சும்மா இருக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். நான் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

அதைக் கேட்டதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே அப்பாவிடம் பேசி ஒரு பரீட்சைக்கு ஏற்பாடு செய்தாள். பத்து நாளில் குலசாமி கும்பிடு வந்தது. வேதக்காரர்கள் சாமிக்குப் படைத்த சோற்றைத் தொடமாட்டார்கள். அம்மா படையல் சோற்றைச் சாப்பிட்டால் அவள் இன்னும் நம்மவள். தொடாவிட்டால் அன்றோடு ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்து நின்றுவிடும். இது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளும் எனக்குப் பயமாகவே இருந்தது. அம்மா சாப்பிட்டுவிட வேண்டும் என்று குலசாமியிடம் வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடித்தான் வேண்டினேன், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கும்பிடு அன்று கிடா வெட்டி, பொங்கல் வைத்து, படையல் முடிய உச்சிவெயில் ஆகிவிட்டது. வழக்கமாக முதல் பந்தி ஆண்களுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, அப்புறம் பெண்கள். பரிமாறுகிற அம்மாவுக்குக் கடைசியில் சட்டியில் ஒட்டியது. அன்று அத்தை அம்மாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"நீ உக்காரு. இன்னைக்கு நான் போடுறேன்."

"நான் பெறகு சாப்பிட்டுக்கிடுதேன் மதினி" என்று அம்மா பின்வாங்கினாள். அத்தை என்னைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டாள் பார் என்று அர்த்தம். அப்பா தன் பக்கத்து இலையைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்து அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்தது அன்றுதான். சோறு விழுந்தது, கறி விழுந்தது. அம்மா கையை வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அப்பா, "ம், சாப்பிடு" என்றார்.

அம்மா சாப்பிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இலை காலியாகிவிட்டது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு கவளமும் அவளுக்கு ஒரு சாட்சி அல்லவா? இன்னும் சோறு போட்டாள், இன்னும் கறி போட்டாள். ரத்தம் ஊறும் என்று சொல்லி எப்போதும் அப்பாவுக்கே எடுத்து வைக்கிற சுவரொட்டியைக்கூட, ஒரு கிடாயில் ஒன்றே ஒன்று இருக்கிற அந்த மண்ணீரல் துண்டை, அம்மாவின் இலையில் வைத்தாள். அதையும் அம்மா மிச்சம் வைக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்ன என்று கேட்டதற்குக் காரம் என்றாள். அந்தக் குழம்பில் காரமே இல்லை. புதுச் சாமியை விட்டுவிட்ட துக்கமாக இருக்கும் என்று பிற்பாடு நானும் அத்தையும் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தானாகவே நர்ஸம்மாவிடம் போய்க் கும்பிடு நடந்ததையும், படையல் சோறு சாப்பிட்டதையும் சொன்னாள். இப்போது நர்ஸம்மாவின் வேஷம் கலையப்போகிறது என்று நான் அம்மாவை ஒட்டி நின்றேன்.

"வயிறு நெறையச் சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"நெறையக்கா."

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அதையும் வந்து சொன்னேன். எப்படிப் பேசி இழுக்கிறாள் பார் என்றாள் அத்தை. நானும் ஆமாம் என்றேன்.

நாலு மாதத்தில் அம்மாவுக்கு ரத்தம் ஏறி, போர்மேன் திரும்ப எடுத்துக்கொண்டார். பொட்டு அழியவில்லை, பேரும் மாறவில்லை. என் உத்தியோகம் தானாகப் போய்விட்டது. அத்தனை நாளும் அம்மா கண்ணை மூடுவதையும் திறப்பதையும் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் ஒன்றை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. வாசல் தாண்டிப் போகிறவர்களையெல்லாம் 'சாப்பிட்டீகளா' என்று கேட்கிற வீடு எங்களுடையது. அம்மாவை அப்படி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்பட்டோம்.