லெவல் கிராசிங்கில் பத்து மதிப்பெண்

எனக்கும் அண்ணனுக்கும் என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. அவர் பழனியில் நீராவி எஞ்சின் டிரைவர். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா இறந்த வீட்டில்கூட ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதான் நின்றோம்.

எண்பதுகளின் பிற்பாதியில் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கண்காட்சிக்கு அதில் ஏதாவது செய்யச் சொன்னார்கள். அண்ணன் ஓட்டும் எஞ்சினையே அதில் ஓடவைக்க நினைத்தேன். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த மீட்டர்கேஜ் எஞ்சின் அது. திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. சீக்கிரமே கழித்துவிடுவார்கள் என்று பேச்சு. பிள்ளைகள் பொத்தானைத் தட்டிக் கரி போட்டால் திரையில் நீராவி அழுத்தம் ஏற வேண்டும், மேட்டில் குறைய வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும். பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கினேன்.

“எந்த மேட்டுல எம்புட்டு நீராவி வேணும்னு சொன்னாப் போதும்ணே.”

அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நான் நெருப்புக்கு முன்னாடி வெந்துக்கிட்டு நிக்கிறேன். நீ ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் பொட்டியில ஓட்டப் போறியாக்கும். வேற சோலி இருந்தாப் பாரு.”

அவர் டூட்டிக்குப் போனதும், அவர் பாதைக் குறிப்பு எழுதி வைக்கும் நோட்டை மதினியிடம் கேட்டேன்.

“அவுகளுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும் தம்பி.”

இரண்டே நாளில் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். தரவில்லை.

பாதை முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. எங்கே நீராவியைத் திறந்துவிட ரெகுலேட்டரைத் திருகுவது, எங்கே கரி அள்ளுவது, எல்லாம் ஒற்றை வார்த்தைக் குறிப்புகள். ஒட்டன்சத்திரம் தாண்டி ஆளில்லாத ஒரு லெவல் கிராசிங்கில் மட்டும், ‘நீள விசில். மறக்கக் கூடாது’ என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தார். ரயில்வே விதி என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று, அங்கே விசில் அடிக்காவிட்டால் குறுக்கே ஒரு மாட்டுவண்டி வந்து மோதும்படியும், பத்து மதிப்பெண் குறையும்படியும் புரோகிராம் எழுதினேன்.

கண்காட்சிக்கு அண்ணன் வந்தார். நோட்டைத் தேடிக் கிடைக்காமல் மதினியை அதட்டி விஷயத்தை வாங்கியிருக்கிறார். திட்டத்தான் வந்தார். ஆனால் ஒரு பெண் எஞ்சினை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

“கரி பத்தாது பாப்பா. இன்னும் போடு,” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லெவல் கிராசிங் வந்தது. அவள் விசிலை மறந்துவிட்டாள். மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அண்ணன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

“ஏலே, அங்க நெசமாவே என் எஞ்சின்ல அடிபட்ட வண்டியில ஒரு பொம்பள இருந்தா. தெரியுமா ஒனக்கு?”

“தெரியாதுண்ணே.”

“நோட்டத் திருடத் தெரிஞ்சுது. ஏன் மூணு கோடுன்னு கேக்கத் தெரியல.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?” என்றேன். அத்தனை பேர் முன்னால் இறங்கிப்போக எனக்கு மனம் வரவில்லை.

“சொல்லியிருக்க மாட்டேன்,” என்றார். மேசை மேல் கிடந்த நோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

ஹெட்மாஸ்டர் ஓடிவந்து, “யார் சார் அது?” என்றார்.

“ஊர்க்காரர்,” என்றேன்.

பிள்ளைகள் போன பிறகு அந்த வண்டிக்கான வரிகளை அழித்தேன். மதினியிடம் தெரிவிக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். “அவன் அழிச்சா ஆச்சா?” என்று மட்டும் அண்ணன் கேட்டாராம். மதினியிடமும் ஒரு மாதம் பேசவில்லையாம்.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதியில், பிள்ளைகள் முன்னால் பிளக்கைப் பிடுங்கியது உங்கள் தப்பு என்று ஒரு வரி வந்துவிட்டது. அதை அடிக்க எனக்கு மனமில்லை. கடிதத்தை அனுப்பவில்லை.