அருவி வற்றிய பிறகு இன்னொரு ஓட்டு

சங்கரேஸ்வரி அக்கா யாரையும் நம்பமாட்டாள். குற்றாலத்தில் எங்களோடு பழக்கடை போடுகிறவள். மங்குஸ்தான் பெட்டி வந்தால் மேல்வரிசையை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டுப் பார்ப்பாள். டீக்கடைக்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பாள்.

எங்கள் சங்கத்தில் வருசாவருசம் சாரல் சீசனுக்கு முன்னால் சீட்டுக் குலுக்கிக் கடை இடம் பிரிப்போம். விதியை மாற்றுவதென்றால் இரண்டு முறை ஓட்டெடுக்க வேண்டும். அருவியில் தண்ணீர் விழும்போது ஒன்று, பாறை காய்ந்த பிறகு ஒன்று. இரண்டிலும் ஜெயித்தால்தான் மாற்றம்.

போன சாரலில் அருவிப் பாதையின் முதல் இடம் அக்காவுக்கு விழுந்தது. எனக்குக் கழிப்பறைப் பக்கம். அந்த வாடையில் எவர் பழம் வாங்குவார்? அந்த நேரம் பார்த்துத் தலைவர் தாணுமாலயன், "இனி குலுக்க வேண்டாம். விழுந்த இடம் அவங்கவங்களுக்கே நிரந்தரம்" என்றார். அவருக்கு இரண்டாம் இடம் ஆயிற்றே, சொல்லமாட்டாரா? அக்காவும் கை தூக்கினாள். ஒரு கை வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சட்டம் படிக்கும் அக்காவின் மகள் முத்துச்செல்வி லீவுக்கு வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"ஒரு தடவை ஜெயிச்சாச்சுல்லா, இன்னொரு ஓட்டு எதுக்கு?" என்றாள் அக்கா.

"நாட்டு அரசியல் சட்டம் எழுபது வருசத்துக்கு மேல எப்படிம்மா நிக்குது? நூறு தடவைக்கு மேல திருத்தியாச்சு. ஆனா நினைச்சவுடனே திருத்த முடியாது. சிலதுக்குப் பார்லிமெண்ட்ல மூணுல ரெண்டு பங்கு கை தூக்குனாலும் பத்தாது, பாதி மாநிலமும் சம்மதிக்கணும்."

"அப்படி எழுதி வச்சவங்களுக்கு என்ன லாபம்?"

"யார் கையில பலம் வந்தாலும் கை அரிக்கும்னு அவங்களுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் அவங்க மேலயும் சேர்த்துத்தான்."

அக்கா பழத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தன்னைவிடச் சந்தேகக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். ஆனால் நான் அவளை நம்பவில்லை. முதல் இடத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருப்பாளா?

பங்குனியில் பாறை காய்ந்தது. மறுபடி கூட்டம். போன தடவை தூக்கியவர்களின் கைகள் எழுந்தன. அக்காவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"ஏம்மா, அன்னைக்குத் தூக்குனியே?" என்றார் தாணுமாலயன்.

"அன்னைக்குத் தண்ணி விழுந்துச்சு, வியாபாரமும் நடந்துச்சு. எல்லாரையும் சந்தேகப்படுதேன் அண்ணாச்சி, என்னைய மட்டும் விட்டுட்டேன்."

தீர்மானம் தோற்றது.

வைகாசியில் குலுக்கினோம். எனக்கு நடுவில் நல்ல இடம். அக்காவுக்குக் கழிப்பறைப் பக்கம். அவள் முகம் செத்துப்போயிற்று. எல்லோருடைய சீட்டையும் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"ஏட்டி ஹைருன், சாரல் விழுந்ததும் விதியை மாத்தணும்னு நானே வந்து நிப்பேன். நீ கை தூக்கிராத."