தம்பூ என்று ஒரு பெயர்

செலஸ்ரீனா பதினொரு வருடமாக, இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், சால்வோ என்பவரின் வீட்டில் வேலை செய்து வந்தாள். வீட்டைத் துப்புரவாக்கிச் சமைப்பதோடு, அவருடைய வயதான தாயைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் அவள்தான். சனிக்கிழமைகளில் கணவர் பீலிக்சும் கூடப் போவார். குழாய் ஒழுகினால் திருத்துவார், பாரமான சாமான்களை மாடிக்கு ஏற்றுவார். அவரைக் கண்டதும் சால்வோ, "வா, தம்பூ!" என்று தோளில் தட்டுவார். "தம்பி" என்று சொல்ல வாய் வராமல்தான் மனிதர் அப்படிக் கூப்பிடுகிறார் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். பீலிக்சுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

போன மார்ச்சில் அந்தத் தாய் இறந்துபோனார். அவருடைய கண்களை மூடிவிட்டவள் செலஸ்ரீனாதான். அடுத்த மாதம் மேல் அலுமாரிகளை ஒதுக்கும்போது, நூலால் கட்டிய பழைய சித்திரக்கதைப் புத்தகக் கட்டு ஒன்று கையில் அகப்பட்டது. மேலட்டையைப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

கப்டன் லோறன்!

மன்னார்ப் பேசாலையில் பத்து வயதில் அவள் எழுத்துக்கூட்டி வாசித்த கொமிக்ஸ். கடல் கடலாக அலையும் கப்டனுக்கு முத்துக் குளிக்கும் தோழன் ஒருவன் இருந்தான். தமிழில் அவன் பெயர் முத்தன். கறுத்த உடம்பும் சுருள் முடியுமாக, அவளுடைய கரையில் வலை இழுப்பவர்களில் ஒருவனைப் போலவே இருப்பான். சுறாவின் வாயிலிருந்து கப்டனை மீட்பவன் அவன். "முத்தா, நீ இல்லாவிட்டால் நான் இல்லை" என்று கப்டன் அவன் கையைப் பற்றும் பக்கத்தை அவள் எத்தனை தரம் பார்த்திருப்பாள்! தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போனபோது, உடுப்புப் பைக்குள் அந்தப் புத்தகமும் போனது.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று சால்வோ ஆச்சரியப்பட்டார். "கொண்டு போய் வாசி. நான் உலகத்தைப் படித்ததே இதில்தான்."

தங்கள் வீடிருக்கும் சீசாவுக்குப் போகும் பஸ்ஸில், தமிழில் வாசித்த அதே முத்துத்தீவுக் கதையை விரித்தாள். படங்கள் அதே படங்கள். ஆனால் தமிழில் கறுப்பு மையில் மங்கி வந்தவை இந்த இத்தாலியப் புத்தகத்தில் நிறத்தோடு இருந்தன. முத்தனுக்குத் தடித்த சிவப்பு உதடு, வெளியே தள்ளிய கண். சுறாவிடமிருந்து மீண்ட கப்டன் அதே கையைப் பற்றிக்கொண்டு, "இவ்வளவு நேரம் எங்கே தூங்கினாய், குரங்கே?" என்றான். வாசித்தது பிழையோ என்று திரும்ப வாசித்தாள். பிழையில்லை.

தமிழில் கடைசிப் பக்கத்தில் முத்தன், தன் சனத்தைக் காக்கத் தீவிலேயே நிற்கப் போவதாகச் சொல்லி விடைகொடுப்பான். இங்கே படகில் பாரம் கூடிவிட்டதென்று கப்டன்தான் அவனைக் கரையில் தள்ளிவிட்டான். "அழாதே, அடுத்த தீவில் வேறொருவனை வாங்கிக்கொள்கிறேன்." மாலுமிகள் எல்லாரும் சிரித்தார்கள். தள்ளப்பட்டவன் அழுதழுது கை காட்டினான். அவன் பெயர் தம்பூ.

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது கப்டன்மேல்கூட அல்ல. எங்கோ ஓர் அச்சகத்தில் இருந்து, குரங்கை அழித்துவிட்டுத் தோழன் என்று எழுதிய, முகம் தெரியாத அந்தத் தமிழன்மேல்தான். அதை நம்பித்தானே வளர்ந்தாள்.

திங்கட்கிழமை புத்தகத்தைச் சால்வோவின் முன்னால் விரித்து வைத்தாள். "இவன்தானே என் கணவர்?"

சால்வோ வாய்விட்டுச் சிரித்தார். "கண்டுபிடித்துவிட்டாயா! சின்ன வயதில் எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவன் தம்பூதான். அம்மாதான் முதலில் சொன்னா, பீலிக்ஸ் அச்சாகத் தம்பூ மாதிரியே என்று."

அம்மா. ஆறு வருடம் படுக்கையில் புரட்டிப் புரட்டி முதுகு துடைத்த அந்த மனுசி.

"கெட்ட எண்ணத்தில் இல்லை, செலஸ்ரீனா. பாசத்தில்தான்."

"அவருக்குப் பெயர் பீலிக்ஸ்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் வீடு திரும்பியதும் பீலிக்ஸ் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார். "நீர் அவருக்கு என்ன சொன்னனீர்? மனுசன் 'பீலிக்ஸ்' எண்டு வேற ஆளைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுறார். முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் என்ன பிழை விட்டனான்?"

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. இப்பிடி இருங்கோ, சொல்லுறன்."

சுறாவையும் படகையும் தீவையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி எண்டெல்லோ நினைச்சனான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். கோயில்லையும் சொன்னனான், சிஞ்ஞோர் என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிடுறவர் எண்டு." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு, "எனக்கு நீர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் சனிக்கிழமைகளில் அங்கே போகவில்லை. செலஸ்ரீனா போனாள். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கச் சால்வோவின் வேலைக் கடிதம் தேவையாயிருந்தது. அது கைக்கு வந்ததும், யூன் கடைசியில், வேலைக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டதாகச் சால்வோவிடம் சொன்னாள். அவர் திகைத்துப் போனார். உண்மையாகவே கண் கலங்கினார்.

"இந்தப் புத்தகத்துக்காகவா? நீங்கள் எங்கள் வீட்டு மனிதர்கள் அல்லவா!"

அவள் வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தாள். வாசல்வரை வந்த சால்வோ, பீலிக்சைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பெயரை முழுதாக உச்சரித்து. அவள் தலையசைத்தாள். வீட்டில் போய் அதைச் சொல்லவில்லை.