மடியில் வைத்த பை

பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் டிவி முன்னால் கிடந்தோம். பழைய படம் ஒன்று போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதலிக்கிற படம். நான் பதினொன்றாவது படித்தபோது வந்தது. அதன் பேரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அதில் ஒரு பஸ் வரும். கூட்டமான பஸ். கதாநாயகி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். கதாநாயகன் நின்றுகொண்டு வருவான். தன் பையை அவளிடம் நீட்டுவான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பைக்குள் கடிதம் இருக்கும். எடுத்துப் படிப்பாள், சிரிப்பாள். உடனே பாட்டு.

பாட்டு வந்ததும் சித்தப்பா தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல படம்ப்பா இது. அப்ப தியேட்டர்லயே ரெண்டு தடவ பாத்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ரசித்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் இல்லை.

என் படிப்பு நின்றது அந்தக் காட்சியால்தான். அவருக்கு அது ஞாபகமில்லை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பதினொன்றாவது பாதி வரைக்கும்தான் படித்தேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஊர். ராத்திரி டவுன் பஸ் அங்கேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்திருந்து விடிந்ததும் எடுப்பார்கள். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு சீட் உண்டு. அடுத்த ஊர்களில் ஏறுகிறவர்களுக்குக் கம்பிதான்.

நிற்கிறவர்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வைப்பார்கள். கேட்பதெல்லாம் கிடையாது. நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். பையன், பெண் என்று யாரும் பார்த்ததில்லை. பல நாள் யார் பை என்றே தெரியாது. இறங்குகிற இடத்தில் அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பாதி வழியிலேயே என் மோவாய் வரைக்கும் பை வந்துவிடும். எதிரே இருப்பவர் தெரியாது.

பெரம்பலூருக்குக் கீரை கொண்டுபோகிற அம்மா ஒருத்தி வருவாள். "ஏண்டி, நீ பள்ளிக்கூடம் போறியா, சரக்கு ஏத்திக்கிட்டுப் போறியா?" என்பாள்.

"நீங்களும் கூடைய வைங்க. தலையில எடமிருக்கு" என்பேன்.

கண்டக்டர் பின்னாலிருந்து கத்துவார். "அந்தப் புள்ள மடி ஃபுல்லு. அடுத்த மடி பாருங்க. ஏ பாஸு, படிய விட்டு மேல ஏறு!" இலவச பாஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் அவரிடம் ஒரே பேர்தான், பாஸு.

படத்தில் பை என்றால் கடிதம். எங்கள் பஸ்ஸில் பை என்றால் சாப்பாட்டு டப்பா. மூடி சரியாகப் பொருந்தாது. புளிக்குழம்பு ஒழுகும். என் யூனிபார்மில் முழங்கால் பக்கம் எப்போதும் ஒரு கறை இருக்கும். துவைக்கும்போது அம்மா திட்டுவாள். "எந்தத் தடிப்பய வூட்டுக் கொழம்புடி இது? எண்ணெயே ஊத்தாம வச்சிருக்காளே அவங்க ஆத்தாக்காரி."

அம்மாவுக்கு இந்தப் பை விஷயம் தெரியும். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

படத்து வகுப்பில் ஒரு அழகி இருப்பாள். பக்கத்தில் சிரிப்புக் காட்ட ஒரு குண்டுத் தோழி. கண்ணாடி போட்ட படிப்பாளி ஒருவன். கடைசி பெஞ்சில் ரவுடி. அவனுக்கு மீசை தாடியெல்லாம் முளைத்திருக்கும்.

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தது தூங்குகிறவர்கள். மோட்டாருக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் விடுவார்கள். அப்பனோடு போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்படியே வருவான்கள். முதல் பீரியடில் தலை தொங்கிவிடும். ரொம்ப நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, பருத்தி வெடிக்கிற மாசத்தில் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாள். அழகி என்று யாரைச் சொல்ல? எல்லாருக்கும் ரெட்டைச் சடை, எண்ணெய் வடிகிற முகம். ரவுடி ஒருத்தன் இருந்தான். ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான்.

நான் நடு பெஞ்சு. சுமாராகப் படிப்பேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று இருந்தேன். "ஒனக்குக் குரல் இருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு நல்லா சொல்லித் தருவ" என்று எங்கள் வகுப்பு டீச்சர் ஒரு தடவை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

மூன்றாவது ஊரில் ஒரு பையன் ஏறுவான். பேர் தெரியாது. பை தெரியும். உரக்கடையில் கொடுக்கிற துணிப்பை. ஏறினதும் என் பக்கம் நீட்டுவான். கம்பியைப் பிடிப்பான். கண்ணை மூடிவிடுவான். நின்றுகொண்டே தூங்குவான். பெரம்பலூரில் யாராவது தட்டி எழுப்பினால் பையை எடுத்துக்கொண்டு இறங்குவான். என் முகத்தை அவன் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். நானும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கை வரும், பை வரும், வாங்குவேன்.

சித்தப்பா எப்போதும் வண்டியில்தான் போவார். ஒரு நாள் வண்டி ரிப்பேர். மோட்டாருக்குச் சாமான் வாங்க பஸ்ஸில் வந்தார். அந்தப் படம் அப்போதுதான் பெரம்பலூரில் ஓடியது. பார்த்துவிட்டு வந்து வீட்டில் கதை சொல்லியிருந்தார். அந்தப் பஸ் காட்சியை நடித்தே காட்டினார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பஸ்ஸில் அவர் எனக்குப் பின்னால் நின்றார். மூன்றாவது ஊர் வந்தது. பையன் பையை நீட்டினான். நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தபடியே வாங்கி வைத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது.

இறங்கும்போது சித்தப்பா, "பாப்பா, பாத்துப் போ" என்றார். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா பக்கத்தில் நின்றார். என் பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார்கள். புத்தகம், டப்பா, ஜியாமெட்ரி பாக்ஸ். அந்த பாக்ஸ் சித்தப்பா வாங்கிக் கொடுத்தது. அவரே ஒவ்வொரு புத்தகமாக உதறினார். ஒரு மயிலிறகு விழுந்தது. வேறு எதுவும் விழவில்லை.

"ஒண்ணும் இல்லியேடா" என்றார் அப்பா.

"இருக்குமா? படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டிருப்பா. அவன் பைய நீட்டுறான், இவ பாக்காமயே வாங்குறாண்ணே. யாரு பை, எவன் பைன்னுகூடப் பாக்கல. அப்ப எத்தன நாள் பழக்கம் இருக்கணும், நீயே சொல்லு."

அப்பா என்னிடம் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "யாருன்னு கேளு" என்றார்.

அம்மா கேட்டாள். "யாருடி அவன்?"

"தெரியாதும்மா."

சித்தப்பா குறுக்கே வந்தார். "பேரு தெரியாதவன் பைய எதுக்கு மடியில வச்சிருக்க?"

"எல்லாரும் வப்பாங்க சித்தப்பா."

"எல்லாரும்னா? எத்தன பேரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எதைச் சொன்னாலும் கூடிக்கொண்டுதான் போகும் என்று தெரிந்துவிட்டது.

அம்மா மெதுவாக, "பஸ்ல அப்படித்தாங்க வப்பாங்களாம். கூட்டமில்லியா" என்றாள்.

"நீ சும்மா இரு. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

அம்மா சும்மா இருந்தாள். குழம்புக் கறையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் போக்கினவள் அவள்தான். அந்தக் கறையைக் காட்டியிருக்கலாம். நான் போட்டிருந்த யூனிபார்மில்தான் இருந்தது. அவளும் காட்டவில்லை, நானும் காட்டவில்லை.

மறுநாள் பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது. நான் வீட்டில் இருந்தேன்.

நான் ஏன் வரவில்லை என்று டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்ணிடம் கேட்டு அனுப்பினார். "சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம்னு சொல்லிடும்மா" என்று அப்பா பதில் அனுப்பினார். அப்போது சம்பந்தம் எதுவும் இல்லை. சொன்ன பிறகு தேட ஆரம்பித்தார்கள்.

அதுவரைக்கும் பருத்தி எடுக்கப் போனேன். காடு அடுத்த ஊர் தாண்டி ரோட்டோரம். காலையில் பஸ் அந்த வழியாகத்தான் போகும். முதல் நாள் நிமிர்ந்து பார்த்தேன். என் சீட்டில் வேறு ஒரு பெண். மடி நிறையப் பை. அப்புறம் ஹாரன் கேட்டால் செடிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. நான் படிக்க வேண்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான். பயந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் சினிமாவில் வருகிறதுதான். அவர் ஐந்தாவதோடு மாடு மேய்க்கப் போனவர்.

ஆண்டிமடம் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். முந்திரிக் காடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். நான் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறேன். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் கறுத்திருக்கும். கூட உடைக்கிற பொம்பளைகளின் பிள்ளைகள் ஸ்கூலில் கொடுத்த பாடத்தைக் கேட்டால் சொல்லித் தருவேன். தெரிகிற வரைக்கும்.

ஒரு தடவை அந்தப் பையனைப் பார்த்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில். சின்ன வெங்காயம் விற்க வந்திருந்தான். கூட அவன் சம்சாரம், தோளில் குழந்தை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் நின்றான்.

"நீங்க… அந்த பஸ்ல, ஜன்னல் சீட்டுதான?"

"ஆமா" என்றேன்.

சம்சாரத்திடம் திரும்பினான். "எம் பை இவங்க மடியிலதான் ஸ்கூலுக்குப் போச்சு."

அந்தப் பெண் சிரித்தது. "பை போச்சு சரி. நீங்க போனீங்களா?"

"நான் எங்க? நின்னுக்கிட்டே தூங்குவேன். டவுன் வந்ததும் எழுப்பி விடுவாங்க." அப்புறம் என்னைப் பார்த்தான். "பன்னெண்டாவதுல ஃபெயிலுங்க. தூக்கம்தான் காரணம். ஆமா, நீங்க ஏன் திடீர்னு வரல? கல்யாணம் ஆயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

"ஆமா. கல்யாணந்தான்" என்றேன்.

"ஒங்க எடத்துல வந்த புள்ள எம் பைய மட்டும் வாங்கவே வாங்காதுங்க. ரொம்ப ராங்கி" என்று சிரித்தான். அரைப் படி வெங்காயம் அள்ளிப் பையில் போட்டான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவன் மேல் கோபம் இருந்தது என்று அதுவரை எனக்கே தெரியாது. அன்றைக்கு அதுவும் போய்விட்டது. கோபப்பட ஆள் இல்லாமல் போனது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுபடி அந்த மாட்டுப் பொங்கலன்றைக்கு வருகிறேன். பாட்டு முடிந்தது. விளம்பரம் போட்டார்கள். என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். போனை நோண்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் பன்னெண்டாவது முடிக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார். "ஒங்கம்மாவுக்குப் படிப்பு எங்க ஏறுச்சு? நாங்களும் படி படின்னுதான் சொன்னோம்."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இப்போது அந்த வீட்டில் நான் படிப்பு ஏறாதவள். சித்தப்பா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறார். எழுபது வயசு மனிதரிடம் என்ன கேட்பது? மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ மக்காம்மா?" என்றாள். எழுந்து டீ போடப் போனேன்.

மறுநாள் திரும்பினோம். பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினோம். பண்டிகைக் கூட்டம். எனக்கு மட்டும் சீட் கிடைத்தது. மகள் நின்றாள். அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்துச் சீட் ஆள் இறங்கினார். அவள் உட்கார்ந்தாள்.

அப்போது சொன்னேன். படம், பஸ், பை, குழம்பு, எல்லாவற்றையும். சிமெண்ட் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. சத்தத்தில் சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் போனை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்காம்மா? ஒரு பைக்கா?"

"ஆமா."

"சின்னத் தாத்தாவா?"

"ஆமா. அவருகிட்ட எதுவும் கேட்டு வைக்காத."

அரியலூர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"நீ கறையக் காட்டியிருக்கலாம்லம்மா."

அவளுக்குப் பதினாறு வயசு. எனக்கும் அப்போது அதேதான். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. என்ன நடந்தது என்று என்னிடமோ அம்மாவிடமோ யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு.

பஸ் நின்றது. ஆண்டிமடம் பஸ் பிடிக்க வேண்டும். என் மடியிலிருந்த பையை வாங்க மகள் கை நீட்டினாள். "நானே எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.