முதல் நன்மைக்கு ஒத்திகை

என் மகளுக்கு முதல் நன்மை, அதுதான் கோயிலில் முதல்முறை வாங்கும் நற்கருணை அப்பம், கொடுக்க முடியாது என்று மறைக்கல்வி ரீச்சர் சொன்னபோது எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

“கதை வராட்டிப் பரவாயில்லை அக்கா. ஆனா நற்கருணையைத் துப்பிப்போட்டா? பாவமல்லோ?” என்றார்.

துப்புவாள்தான், மறுக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டறிந்த பெயர் ஓட்டிசம். பேச்சு வராது. அண்ணத்தில் எது ஒட்டினாலும் அந்த இடத்திலேயே துப்பிவிடுவாள். சோறுகூடக் குழையக் கூடாது. அதற்காக அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பீடத்துக்குப் போக, இவள் மட்டும் வாங்கில் குந்தியிருப்பதா? நடக்கிற கதையா அது!

நேரே கன்னியர் மடத்துக்குப் போனேன். பூசைக்கு அப்பம் வட்டமாக வெட்டியதும் மிஞ்சுகிற ஓரத் துண்டுகளைச் சிஸ்டர்மார் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள். பீடத்துக்குப் போகாத வெறும் மாவுதானே. ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

முதல் துண்டு என் சட்டையில் விழுந்தது. அடுத்தது என் மனுசனின் சாரத்தில்.

“விடுமப்பா, பிள்ளையைப் போட்டு வருத்தாதையும்” என்றார் அவர், நண்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு.

“நீங்கள் உங்கட வலையைப் பாருங்கோ. என்ர பிள்ளையை நான் பாக்கிறன்.”

நுள்ளளவு துண்டில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். துப்பாமல் விழுங்கினால் உடனே இன்னொரு துண்டு. போகப் போக அவளே என்னைத் தேடி வந்து வாயைத் திறந்தாள். பிறகு பங்குப் பாதரிடம் கூட்டிப்போய், அவள் விழுங்குவதைக் காட்டினேன். சரி, வரட்டும் என்றார்.

நன்மை வாங்கும் நாளில் பாதர் அவளுடைய நாவில் அப்பத்தை வைத்தார். விழுங்கினாள். அப்பாடா! ஆனால் அவள் நகரவில்லை. பாதருக்கு முன்னால் நின்றபடி மறுபடியும் வாயைத் திறந்தாள். விழுங்கினால் இன்னொன்று என்றல்லவா பழக்கியிருந்தேன்! என்ர ஆண்டவரே, இதை நான் யோசிக்கவே இல்லை. பின்னால் வந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ரீச்சர் அவளை இழுத்துவர எழும்பினார்.

“கை வைக்காதேங்கோ ரீச்சர்! தொட்டாக் கத்துவாள்!” என்று கோயில் என்றும் பாராமல் சத்தம் போட்டேன். ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ பாதர். இன்னும் வேணுமெண்டு கேக்கிறாள்.”

பாதர் சிரித்தார். “எத்தினை பிள்ளையளுக்கு நன்மை குடுத்திட்டன். இன்னும் வேணுமெண்டு கேட்டது இவ ஒராள்தான்.”

ரீச்சர் மெல்ல உட்கார்ந்தார். பெருமை தாங்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளோ வாயை மூடவே இல்லை.