பன்னீர் திராட்சை ஒயின்

அப்போது தாம்பரத்தில் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை விற்றேன். கொட்டையும் புளிப்புத் தோலுமாக இருக்கும் மலிவுப் பழம். நானே அதை மதித்ததில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் ரோஸி மட்டும் ஒயின் போடக் கூடை கூடையாக வாங்குவாள். அவளைப் பார்க்கவே அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்புவேன்.

கிறிஸ்துமஸ் அன்று சின்னக் கிளாஸில் அந்த ஒயினை நீட்டினாள். சாராயக்கடைப் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன்.

"இன்னாம்மா, ஏறவே இல்லையே?"

"போதை ஏறவா இருபத்தொரு நாள் ஜாடியைக் கிளறினேன்? உன் பழம் எப்படி கீதுன்னு நீயே சொல்லுவியான்னு பாத்தேன்" என்றாள். முகம் வாடிவிட்டது.

அதன் பிறகுதான் நாக்கில் அந்த லேசான துவர்ப்பு தெரிந்தது. இன்னொரு கிளாஸ் கேட்க வெட்கமாக இருந்தது. பொங்கலுக்குள் வேறு பிழைப்பு தேடி ஊரைவிட்டே கிளம்பிவிட்டேன்.

"நல்லா கீது ரோஸி" என்று அன்றே சொல்லியிருக்கலாம்.