வீட்டுக்குள் ஏறும் மலைப்பாதை

எதிர்வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ‘புள்ளி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். வரைபட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக மலைப்பாதைகளுக்குப் புள்ளிக்கோடு போடுகிறவர். தான் நடந்து பார்க்காத பாதைக்கு ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். எங்கள் ஊர் மலையின் செங்குத்துப் பாதையையும் முழங்கால் தேய ஏறி இறங்கித்தான் வரைந்தார். அதுவரை ஆடுகளும் அவரும் மட்டுமே போன பாதை.

வரைபடத்தை அலுவலகம் எல்லார் போனுக்கும் அனுப்பியதும் பிடித்தது சனி. ஊரே கிளம்பி வந்தது. ஒற்றை ஆள் போகிற பாதை, லாரி போகிற அளவுக்கு அகன்றது. மண் அரித்து வேர்கள் வெளியே வந்தன. வாரத்துக்கு ஒருவர் சறுக்கி விழுந்தார். அவர்களைக் கயிறு கட்டித் தூக்கி வருவது யார்? மீட்புக் குழுவில் இருக்கும், அண்ணனோடு வசிக்கும், அவருடைய ஒரே தங்கை.

ஒரு நாள் அவள் தோளில் கட்டோடு வந்து நின்றாள்.

“அண்ணா, இன்னைக்குக் கயிறு அறுந்துடுச்சு. ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்கினேன். அந்தப் புள்ளிக்கோட்டை அழிச்சுடு.”

மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆனால் அலுவலக விதிப்படி ஒருமுறை போட்ட பாதையை அழிக்கக் கூடாது, திருத்தலாம். ‘மிகவும் ஆபத்து’ என்று எழுதினார். கூட்டம் இரட்டிப்பானது. ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று மாற்றினார். ஒன்றுமில்லாததைப் பார்க்க அதைவிடப் பெரிய கூட்டம். இந்த ஜனங்களை என்னவென்று சொல்ல!

கடைசியில் பாதையின் இடத்தையே திருத்தினார். அவர்தான் நடந்து பார்க்காமல் போட மாட்டாரே! தன் வீட்டு வாசலில் தொடங்கி, கூடம், சமையலறை, பின்பக்க மாடிப்படி, மொட்டைமாடி என்று நாலு தரம் ஏறி இறங்கிப் புள்ளி வைத்தார்.

மறுநாள் காலையிலேயே முதுகுப்பையோடு பதினோரு பேர். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சார், உச்சி எங்க?”

“மேல, தண்ணித் தொட்டிப் பக்கத்துல.”

தொட்டியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ‘ஏற்றம் கடினம், காட்சி சுமார்’ என்று போனில் எழுதிவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டுமே!

மூன்று மாதத்தில் மாடிப்படிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. ஐந்தாம் படி உடைந்தே போனது. மலையில் புல் முளைத்துவிட்டதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் கேட்டேன்.

“என்னம்மா, வீடே குட்டிச்சுவராப் போச்சு. உனக்குக் கோபமே வரலையா?”

பின்பக்கம் தொப்பென்று சத்தம். அவள் எழுந்து கை கழுவினாள். கயிறும் எடுக்கவில்லை, ஹெல்மெட்டும் எடுக்கவில்லை.

“தினமும் ஒருத்தராவது விழறாங்க அண்ணே. ஆனா இப்ப, செருப்புகூடப் போடாம போய்த் தூக்கிட்டு வந்துடறேன். சோறு ஆறறதுக்குள்ள திரும்பி வந்துடறேன்ல?”

கூடத்தில் இருந்த புள்ளி அண்ணன் ஐந்தாம் படிக்குச் சிமெண்ட் குழைக்கப் போனார்.